மாசியில் வந்த நோன்பு

அரபு மாதங்களுக்குப் பெயர் சூட்டிய முன்னோர் பருவங்களைப் பார்த்தே சூட்டியிருக்கிறார்கள். ரபீஉல் அவ்வல் என்றால் முதல் வசந்தம் என்று பொருள். ரமளான் என்னும் சொல்லோ சுட்டெரிக்கும் வெப்பத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஆனால் பிறையின் கணக்கில் நடக்கும் ஆண்டுக்கு 354 நாள்கள், அல்லது 355 நாள்கள். கதிரவன் கணக்கைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. குறையும் நாள்களை ஈடுகட்ட மாதங்களை ஒத்திப்போடும் பழைய வழக்கத்தைத் திருமறை தடுத்துவிட்டது. எனவே மாதங்கள் யாவும் தம் பெயர்களைச் சுமந்துகொண்டு பருவங்களுக்குள் நடைபோடுகின்றன. முதல் வசந்தம் என்னும் பெயருடைய மாதம் ஐப்பசி மழையில் வந்து நனையும். வெப்பத்தின் பெயருடைய ரமளான் மார்கழிப் பனியிலும் வந்து நிற்கும். ஒரு பருவத்தை விட்டுப் புறப்பட்ட நோன்பு அதே பருவத்துக்குத் திரும்பி வர ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகின்றன. மனிதனின் ஆயுளில் அவ்வாறு இரண்டு முறையோ மூன்று முறையோதான் வாய்க்கும்.

இந்தக் கணக்கை எங்களுக்குக் கற்பித்தவர் பள்ளிக்கூட ஆசிரியர் அல்லர்; எங்கள் உம்மா. 2025ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், மாசி மாதத்தின் பிற்பகுதியில், முதல் நோன்பு பிறந்தது. அதற்கு இரண்டு வாரங்கள் முன்பே உம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். "மாசி நோன்பு எனக்கு இது மூணாவது தடவை" என்றார்கள்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். தமிழ் நூல்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலத்தில் சேர்க்கின்றன. இளவேனில் பிறக்கச் சித்திரை வரை காத்திருக்க வேண்டும். ஆயினும் எங்கள் கடற்கரைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தை கழிந்து வாடைக் காற்று ஓய்ந்ததுமே வேனிலின் வாசம் முற்றத்துக்குள் வந்துவிடும். வேம்பு பழுத்த இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் பாத்திகள் வெள்ளை பூக்கத் தொடங்கும். பனையேறிகள் இடுப்பில் பாளைக் கத்தியைச் செருகிக்கொண்டு வைகறையில் நடமாடுவார்கள். பதநீர் விற்கும் குரல் தெருமுனையில் கேட்கும். மேற்கே மலையடிவாரத் தோப்புகளிலிருந்து மாவடு சந்தைக்கு வரும். இவை பெரிய செய்திகள் அல்ல. ஆனால் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் நினைத்து நினைத்து மகிழ்வது இத்தகைய சிறு செய்திகளைத்தான்.

உம்மாவின் முதல் மாசி நோன்பு 1960இல் வந்தது. அப்போது அவர்களுக்கு வயது பதின்மூன்று. மாதம் முழுவதும் ஒரு நோன்பைக்கூடத் தவறவிடக் கூடாது என்று உறுதி பூண்டு நோற்ற முதல் ரமளான் அதுவே. அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் ஸஹர் உண்டதையும், தப்ஸ் கொட்டிப் பாடிக்கொண்டு தெருவில் வந்த பக்கீரின் குரல் கேட்டு எழுந்ததையும், நண்பகலில் கிணற்றடிக் கல்லில் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி தேடியதையும் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது மாசி நோன்பு 1992இல் வந்தது. அதை நாங்களே நினைவில் வைத்திருக்கிறோம். எங்கள் வாப்பா கொழும்பில் வாணிபம் செய்தவர்கள். ஊருக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை. அதுவும் பெரும்பாலும் மழைக் காலத்தில். அந்த ஆண்டில் மட்டும் ரமளான் முழுவதும் வீட்டில் இருந்தார்கள். கடல் கடந்து பொருள் தேடிய எங்கள் ஊர் ஆண்களுக்குச் சொந்த ஊரின் வேனில் அபூர்வமான பொருள். வாப்பா வேப்பந்தளிரைக் கிள்ளி முகர்ந்து பார்த்ததும், சந்தையிலிருந்து இரண்டு படி மாவடுவைத் தாமே சுமந்து வந்ததும் எங்களுக்கு வியப்பாக இருந்தன. முற்றத்தில் பாய் விரித்து எங்கள் மூவரையும் உட்கார வைத்து, வடுவைக் கழுவித் துடைத்து விளக்கெண்ணெய் பூசச் சொன்னார்கள். உம்மா கல் உப்பும், மஞ்சளும், அரைத்த மிளகாயும் கடுகும் அளந்து போட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஜாடியைக் குலுக்கி வைப்பது வாப்பாவின் வேலை. வடு சுருங்கிச் சாறு விட்டதும், நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள முதல் வடுவை எடுத்து உம்மாவின் கோப்பையில் வைத்தார்கள். பேச்சு ஒன்றும் இல்லை. உம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டார்கள். எங்கள் வீட்டு வசந்தம் என்று எங்களுக்கு நினைவில் நிற்பது அந்த மாலைதான். வாப்பா 2009இல் இறையடி சேர்ந்தார்கள்.

எங்கள் ஊரில் மணமான ஆண் மனைவியின் வீட்டில் வாழ்வது வழக்கம். எனவே பெண்மக்கள் இருவரும் உம்மாவோடு இருக்கிறோம். தம்பி இரண்டு தெரு தள்ளித் தன் மனைவி வீட்டில் இருக்கிறான். 2025இன் மாசி நோன்பு நெருங்கியபோது எங்கள் மூவருக்கும் மனத்தில் ஒரே கவலை. உம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முந்தைய ஆண்டிலிருந்து இன்சுலின் ஊசியும் சேர்ந்துவிட்டது. மருத்துவர் இம்முறை நோன்பு கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை ஏறுவதைவிட ஊசி போட்ட உடம்பில் திடீரென்று இறங்குவதுதான் அஞ்ச வேண்டியது என்று எங்களிடம் விளக்கினார்.

அந்தச் செய்தியை உம்மாவிடம் எடுத்துச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மூத்தவள் மருந்துச் சீட்டைக் காட்டினாள். இளையவள் அழுதாள். தம்பி மார்க்கச் சட்டம் பேசினான். திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை இருக்கிறதென்றும், நோய் நீங்க வழியில்லாத முதியவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதுமென்றும் சொன்னான். உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். "பதிமூணு வயசிலே பிடிச்ச கயிறு. இத நானா விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்கள்.

முதல் மூன்று நோன்புகளையும் நோற்றார்கள். ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லை என்று எங்களிடம் சொன்னார்கள். நான்காம் நாள் அஸர் பாங்குக்குச் சற்று முன் அடுக்களைப் படியில் சாய்ந்துவிட்டார்கள். உடல் முழுவதும் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறியது. ஊசியை மறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்களுக்குக் கவலை தரக் கூடாதென்று ஊசியையும் விடவில்லை, நோன்பையும் விடவில்லை.

கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வாயருகே கொண்டுபோனோம். உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார்கள். அப்போது மூத்தவளின் பேத்தி ஓடிவந்தாள். ஒன்பது வயதுச் சிறுமி. அவளுக்கு அன்று வாழ்நாளின் முதல் நோன்பு. கிண்ணத்தை எங்கள் கையிலிருந்து வாங்கி, "பூட்டியா, குடிங்க, குடிக்காட்டி நானும் நோன்பு திறக்க மாட்டேன், ராத்திரிக்கும் சாப்பிட மாட்டேன்" என்று விம்மினாள். எதற்கும் அசையாத உம்மாவின் உதடுகள் அந்தக் குழந்தையின் அழுகைக்கு அசைந்தன. ஐந்து நிமிடத்தில் கண் தெளிந்தது. ஆனால் அன்று இரவு முழுவதும் உம்மா எங்களோடு பேசவில்லை. ஏதோ கொடுக்கக் கூடாத ஒன்றைக் கொடுத்துவிட்டவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

மறுநாள் பக்கத்துத் தெரு ஆலிம் ஒருவர் வந்து முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து, கதவுக்குப் பின்னால் இருந்த உம்மாவிடம் பேசினார். அதட்டவில்லை. இறைவன் விதித்த கடமையைப் போலவே அவன் வழங்கிய சலுகையும் அவனுடையதுதான் என்றார். விருந்தாளி தந்த அன்பளிப்பையே மறுக்க நாம் கூசுகிறோம். படைத்தவன் தந்த அன்பளிப்பை மறுக்கலாமா என்று கேட்டார். உம்மா மறுமொழி கூறவில்லை. அவர் போன பிறகு, "அன்னாடம் அரிசி அளக்கணும். படியை எடுத்து வையுங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து அளவு தானியம் கொடுக்க வேண்டும். மாதம் முழுவதற்கும் சேர்த்துப் பணமாகக் கொடுத்துவிடலாமே என்று தம்பி சொன்னான். உம்மா ஒப்பவில்லை. ஒவ்வொரு நாளும் ளுஹர் தொழுததும் தாமே உட்கார்ந்து அளந்தார்கள். அளவு நிறைந்த பிறகு மேலே ஒரு பிடி போட்டார்கள். முடுக்கு வழியாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்து வருவது எங்கள் வேலை. ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் வீடு விட்டு வீடு போகத் தெருக்களுக்கு இடையே எங்கள் ஊரில் முடுக்குகள் விடப்பட்டிருக்கின்றன. கொடுப்பவர் முகமும் பெறுபவர் முகமும் பிறர் பார்வைக்கு வராமல் இருக்கவும் அவை உதவுகின்றன என்பதை அந்த மாதத்தில் உணர்ந்தோம்.

அரிசி அளந்த பிறகும் ஒரு துன்பம் மீதி இருந்தது. நண்பகலில் உம்மா சாப்பிட வேண்டுமே! வீட்டில் எல்லாரும் நோன்பு. ஒருநாள் எதையோ எடுக்க அடுக்களைக்குள் நுழைந்தபோது, உம்மா கதவுக்குப் பின்னால் சுவரை நோக்கி அமர்ந்து, ஓசை எழாமல் தயிர்ச் சோறு உண்டுகொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் தட்டை முந்தானையால் மூடினார்கள். ஆயிரம் பேருக்கு ஆக்கிப்போட்ட கை, ஒரு பிடிச் சோற்றைத் திருடுவதுபோல மறைத்தது. அன்று நாங்கள் மூவரும் கூடிப் பேசினோம். உம்மாவின் உயிரைக் காப்பாற்றினோம் என்று மகிழ்ந்தோமே, அவர்கள் முகத்தைக் காப்பாற்றினோமா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம்.

வழி காட்டியது நோன்பு நோற்கும் வயது வராத கூட்டம்தான். தம்பியின் பேரனுக்கு நான்கு வயது; இளையவளின் பேத்திக்கு மூன்று. மறுநாள் முதல் இருவரையும் நண்பகலில் உம்மாவிடம் ஒப்படைத்தோம். பிள்ளைகள் தனியே உண்ண மறுக்கிறார்கள் என்று ஒரு சிறு பொய்யும் சேர்த்தோம், இறைவன் மன்னிப்பானாக. நடுமுற்றத்தில் பாய் விரிந்தது. ஒரே தாலத்தில் மூன்று பேர். முருங்கைக்காய் ஆணத்தைப் பிசைந்து ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் அவளுக்கு, ஒரு வாய் தமக்கு என்று உம்மா உருட்டினார்கள். நோன்பாளிகளாகிய நாங்கள் தூணில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பசிக்கவில்லை.

அந்த முருங்கைக்கும் ஒரு கதை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் எங்கள் ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கொல்லையில் நின்ற பழைய முருங்கை வேரோடு சாய்ந்தது. வெள்ளம் வடிந்து நாங்கள் சேற்றை வாரிக்கொண்டிருக்கையில், உம்மா சாய்ந்த மரத்திலிருந்து கை பருமனுள்ள ஒரு போத்தை வெட்டி, நுனியில் சாணம் அப்பி அதே இடத்தில் நட்டார்கள். வீட்டில் உலர்ந்த துணி இல்லாத நாள் அது. அந்தப் போத்துதான் இந்த மாசியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் காய் தொங்கவிட்டது.

உம்மாவிடம் இன்னொரு மாறுதலும் நிகழ்ந்தது. ஒருநாள் அந்தச் சிறுமி, "பூட்டியா, உங்களுக்கும் சேர்த்து நானே நோன்பு பிடிக்கவா?" என்று கேட்டாள். உம்மா சிரித்தார்கள். "ஒருத்தர் நோன்பை இன்னொருத்தர் பிடிக்க முடியாது மகளே. ஆனா ஒருத்தர் நோன்பை இன்னொருத்தர் திறக்க வைக்கலாம். அதுக்கும் கூலி உண்டு" என்றார்கள். சொன்னவர்கள் அன்று மாலையே கஞ்சிப் பானையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, ரம்பை இலை, கொத்துக்கறி, இறக்கும்போது தேங்காய்ப்பால். எல்லாம் பழைய ஒழுங்கில்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இத்தனை ஆண்டுகளாக உம்மா நோன்பிருந்துகொண்டு உப்புப் பார்க்காமலேயே கஞ்சி காய்ச்சினார்கள், ஒருநாளும் பிசகியதில்லை. இப்போதுதான் தாராளமாகச் சுவைத்துப் பார்க்கலாமே! கரண்டியில் எடுத்து ஊதிச் சுவைத்தார்கள், ஒரு சிட்டிகை போட்டார்கள், மறுபடி சுவைத்தார்கள், மறுபடி போட்டார்கள். மஃரிபு பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, ஆவலோடு ஒரு மிடறு கஞ்சி குடித்தோம். எங்கள் ஊர் அளத்து உப்பு முழுவதும் அந்தப் பானைக்குள் இருந்தது. யார் முதலில் வாய் திறப்பது? தம்பி மெதுவாக, "உம்மா, கஞ்சி நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் தண்ணி தாங்க" என்றான். உம்மா தாமும் ஒரு வாய் குடித்தார்கள். ஒரு கணம் அமைதி. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்கள். வாப்பா இறந்த பின் அவ்வளவு உரக்க அவர்கள் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. "நாக்கு சொன்னதைக் கேட்டேன், கெட்டுப்போச்சு, இனிமே கை சொல்றதைத்தான் கேப்பேன்" என்றார்கள். மறுநாள் முதல் சுவைக்காமலே காய்ச்சினார்கள். உப்பு சரியாக இருந்தது.

ரமளானின் பகல் நீளம் பற்றிச் சிலர் அஞ்சுவார்கள். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் எப்பருவத்திலும் நோன்பின் நேரம் அதிகம் மாறுவதில்லை. ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம். மாறுவது வெயிலும் காற்றும்தான். மாசியும் பங்குனியும் சந்திக்கும் அந்த நாள்களில் காலை இதமாகவும் நண்பகல் சற்றுக் கடுமையாகவும், மாலை கடற்காற்றோடும் இருந்தது. தராவீஹ் முடிந்ததும் கடற்கரைக்குப் போவோம். உம்மாவை நாற்காலியில் அமர்த்தி மணலில் நாங்கள் சுற்றி உட்காருவோம். பிள்ளைகள் அலையைத் துரத்துவார்கள். சுண்டலும் தேநீரும் வரும். திருச்செந்தூர் போகும் ரயிலின் ஓசை எப்போதாவது கேட்கும். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. யார் வீட்டில் கல்யாணம், யாருக்குப் பிள்ளை பிறந்தது, வடு என்ன விலை விற்கிறது, அவ்வளவே.

வடு என்றதும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டும் இரண்டு படி வாங்கினோம். 1992இன் ஜாடியே; விளிம்பில் ஒரு சிறு கீறல் மட்டும் விழுந்திருக்கிறது. குலுக்கி வைக்கும் வேலையை அந்தச் சிறுமி ஏற்றுக்கொண்டாள். முதல் வடுவை எடுக்கும் நாளில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்; யார் எடுத்து உம்மாவின் கோப்பையில் வைப்பது என்று தயங்கினோம். அதற்குள் உம்மாவே எடுத்து அந்தச் சிறுமியின் கோப்பையில் வைத்துவிட்டார்கள்.

இருபத்தொன்பது நோன்புகளோடு மாதம் நிறைந்து, மார்ச் 31 அன்று பெருநாள் வந்தது. முதல் நாள் மாலை மாடியில் நின்று பிறை தேடினோம். கீழே வேம்பு பூத்துக் கிடந்தது. பிறை கண்ட தக்பீர் பள்ளிவாசலிலிருந்து எழுந்ததும், சிறுமி தன் கணக்கைச் சொன்னாள். இருபத்தொன்பதில் அவள் பதினொரு நோன்பு நோற்றிருக்கிறாள். "இன்னொரு மாசி நோன்பு எப்ப வரும் பூட்டியா?" என்று கேட்டாள். உம்மா விரல் விட்டு எண்ணினார்கள். 2058 என்று விடை வந்தது. அப்போது இந்தச் சிறுமிக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். 1992இன் உம்மாவுக்கு அதைவிட மூன்று வயதே கூடுதல்.

உம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, "அப்ப கஞ்சிக்கு உப்பு நீதான் போடணும். சுவைச்சுப் பாத்துடாதே" என்றார்கள். பிறகு எங்களைப் பார்த்து, நாளைக் காலைத் தொழுகைக்கு முன்னே கொடுக்க வேண்டிய ஃபித்ரா அரிசியை இப்போதே அளந்துவிடலாம், படியை எடுத்து வையுங்கள் என்றார்கள்.

எடுத்து வைத்தோம். அளந்த கையும் அளக்கக் கற்கும் கையும் ஒரே வீட்டில் இருக்க அருள் செய்தவனுக்கே எல்லாப் புகழும்.